இருபத்தேழு கூடுதல்

ஸ்டோர் கீப்பருக்கு உலகத்தில் பிடிக்காத விஷயங்கள் இரண்டு. சரக்கு குறைவது ஒன்று, சரக்கு கூடுவது இன்னொன்று. "குறைஞ்சா திருட்டு, கூடுனா தூக்கம்" என்பார். கூடினால் எவனோ தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறான் என்று அர்த்தம். குழாய், வால்வு, நட்டு, போல்ட் விற்கும் ஒரு கம்பெனியின் கிடங்குச் சாவி முப்பத்தோரு வருஷமாக அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு வாஷர்கூட அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வெளியே உருண்டதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டில்தான் அந்தத் தப்பு நடந்தது. நம்மைப் போன்ற அரைகுறை ஆட்கள் வீட்டில் நடந்திருக்காது. நமக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

அவருடைய மனைவியின் முகம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, குரல் தெரியும். பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் இருபத்தாறு வருஷம் பேசியவர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, யாருடைய பை யாரிடம் கிடைத்திருக்கிறது, எந்தக் குழந்தை எந்த நிறச் சட்டை போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் அந்தக் குரல்தான் சொல்லும். டிரைவர்களும் கண்டக்டர்களும் சேர்ந்து வைத்த பெயர் மைக்கம்மா. இருபத்தாறு வருஷமும் நேரடியாகப் பேசியதுதான். ஒரு வரியைக்கூட யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. தினமும் வருகிற குரல் நாளைக்கும் வரும் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

அந்தக் குரலுக்கு டாக்டர் நாள் குறித்தார். தொண்டையில் கட்டி, குரல்வளையோடு எடுத்தாக வேண்டும். உயிருக்குப் பயமில்லை, ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வராது. மூன்று வாரம் இருக்கிறது என்று அவர் சொன்னபோது ஸ்டோர் கீப்பர் வழக்கம்போல விரல்விட்டு எண்ணினார். இருபத்தொரு நாள். எண்ணி முடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அதே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி இருந்தாள். சின்ன வயது, ஆனால் பொறுமை ஜாஸ்தி. மைக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் ஒரு வழி சொன்னாள்.

"அம்மா, உங்க குரலை இப்பவே எடுத்து வெச்சுடலாம். ஆயிரத்து அறுநூறு வாக்கியம் தரேன். ஒவ்வொண்ணையும் வாசிச்சு கம்ப்யூட்டர்ல தனித்தனியா பதிவு பண்ணுங்க. அதை வெச்சு ஒரு மெஷின் செஞ்சு தருவாங்க. நீங்க எழுத எழுத அது உங்க குரல்லயே பேசும்."

"என் குரல்லயேவா?"

"உங்க குரல்லயேதான். குறைஞ்சது ஆயிரம் வாக்கியமாவது இருக்கணும், அதுக்குக் கீழ போனா குரல் ஒட்டாது. எல்லாம் முடிச்சு மொத்தமா கொண்டு வாங்க. அதுவரைக்கும் ரெண்டு காப்பி எடுத்துப் பத்திரமா வெச்சுக்குங்க."

ஸ்டோர் கீப்பர் தலையாட்டினார். 'பத்திரமா' என்ற வார்த்தை மட்டும் அவர் காதில் நன்றாக விழுந்தது. 'ரெண்டு காப்பி' இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் வெளியே போயிருக்க வேண்டும்.

மறுநாளே மைக்கம்மா வேலையை ஆரம்பித்துவிட்டார். எதிரொலி இல்லாத இடம் வேண்டுமே! துணி அலமாரியின் கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு, போர்வைகளுக்கும் கம்பளிச் சட்டைகளுக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். மைக்கின் கம்பி அலமாரிக் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டருக்குப் போனது. மகள் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது அது. அவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது அம்மா அப்பாவையும் கம்ப்யூட்டரையும் விட்டுவிட்டுப் போனாள். கம்ப்யூட்டருக்கு இப்போது பதினோரு வயசு. பொத்தானை அமுக்கினால், முட்டிவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல முனகிக்கொண்டுதான் எழுந்திருக்கும்.

வாக்கியங்கள் வேடிக்கையானவை. எல்லா எழுத்தும் எல்லா மாதிரியும் வர வேண்டும் என்பதற்காக யாரோ தலையைப் பிய்த்துக்கொண்டு எழுதியிருந்தார்கள். 'நீல யானை நிதானமாக நீந்தியது.' 'மாமாவின் மூக்குக்கண்ணாடி மாடிப்படியில் உருண்டது.' அலமாரிக்குள்ளிருந்து மைக்கம்மா கத்துவார்: "என்னங்க, இதை எழுதினவனுக்கு வீட்டுல வேற வேலையே இல்ல போல!"

ஆனால் வாசிக்கும்போது விளையாட்டுக் கிடையாது. ஒரு வாக்கியம் முடிந்ததும் அதை ஹெட்ஃபோனில் போட்டு ஒரு தடவை கேட்பார். சரியாக இருந்தால்தான் அடுத்தது. "திருப்பிக் கேக்காதது பேசாததுக்குச் சமம்" என்பது அவருடைய தொழில் புத்தி.

ஸ்டோர் கீப்பர் ஒரு வாக்கியத்தைக்கூடக் கேட்கவில்லை. அலமாரிக் கதவு சாத்தப்பட்டதும் வாசல் படியில் போய் உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "சத்தம் வரக் கூடாதுல்ல, அதான்" என்பார். உண்மை அதுவல்ல. ஆள் உயிரோடு பக்கத்து அறையில் இருக்கும்போது குரலை மட்டும் பெட்டியில் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டால் இருபத்தொரு நாளும் அன்றைக்கே முடிந்துவிடும் என்பதுபோல ஒரு எண்ணம். சாயங்காலம் மட்டும் உள்ளே வந்து, இன்றைக்கு எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதுவார்.

பன்னிரண்டாம் நாள் கம்ப்யூட்டர் இடமில்லை என்று கையை விரித்தது. அதோடு உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு புதுச் சத்தம்.

"ஸ்டோர் உங்க டிபார்ட்மென்ட். நீங்களே பாத்துக்குங்க" என்றார் மைக்கம்மா.

அவருக்கு அது போதும். அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கம்ப்யூட்டர் கடையை நடத்துவது ஒரு அம்மாள். கொண்டையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், நெற்றிமேல் தூக்கிவிட்ட கண்ணாடி. கடைக்காரம்மாளுக்குச் சிரித்துப் பேசி வியாபாரம் பண்ணும் பழக்கம் இல்லை.

"என்ன வைக்கப் போறீங்க?"

"கொஞ்சம் ஃபைலுங்க" என்றார் இவர். மனைவியின் குரல் என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைக்காரம்மாள் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். "இது சுத்துற டிஸ்க். இடம் நிறைய, விலை கம்மி. கீழ மட்டும் போடக் கூடாது. இது சுத்தாத டிஸ்க், எஸ்எஸ்டி. வேகம் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. எடுத்து வெச்சுட்டு எப்பவாவது பாக்குறதுக்கு அந்த வேகம் எதுக்கு? வீண் செலவு. இது பென் டிரைவ். இங்க இருந்து அங்க தூக்கிட்டுப் போகத்தான் நல்லது, சேமிச்சு வைக்க நம்பக் கூடாது. என்னைக் கேட்டா, சுத்துறதுல சின்னதா ரெண்டு வாங்குங்க. வேற வேற கம்பெனி. ஒண்ணு உங்க வீட்டுல, இன்னொண்ணு வேற யார் வீட்டுலயாவது."

"ஒரே சரக்குக்கு எதுக்குங்க ரெண்டு டப்பா?"

"ஒண்ணு புட்டுக்கிச்சுன்னா?"

ஸ்டோர் கீப்பர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். விற்கிறவர் யார்தான் ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறார்? முப்பத்தோரு வருஷமாக இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வெளியே நடைபாதையில், ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் ஒருவன் பென் டிரைவ்களைப் பரப்பி வைத்திருந்தான். கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது ஒவ்வொன்றும். மேலே பெரிய எழுத்தில் இரண்டு டெராபைட் என்று போட்டிருந்தது. உள்ளே பார்த்த பெரிய டப்பாவைவிட இரண்டு மடங்கு இடம், மூன்றில் ஒரு பங்கு விலை.

"கேரண்டி உண்டா?"

"நானே கேரண்டி சார். தினம் இங்கதான நிக்கிறேன்!"

ஸ்டோர் கீப்பர் அதிலும் பேரம் பேசி இன்னும் கொஞ்சம் குறைத்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு பெரிய கிடங்கு! கடைக்காரம்மாளுக்குக் காதில் பூச்சுற்ற வேறு ஆள்தான் கிடைக்கணும் என்று நினைத்தபோது உதட்டோரம் ஒரு சிரிப்புகூட வந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் மலிவாக வாங்கிவிட்டோம் என்ற சந்தோஷம் வந்தால் எவ்வளவு நல்ல மனிதருக்கும் கண் மறைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சரக்கை மாற்றும் வேலை ஆரம்பமானது. கிடங்கில் ஒரு விதி உண்டு: முதலில் வந்தது முதலில் போக வேண்டும். அதன்படி கம்ப்யூட்டரில் இருந்ததிலேயே பழசை முதலில் ஏற்றினார். வாஷிங் மெஷின் வாரண்டி, மகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், அவள் சேர்த்து வைத்திருந்த சினிமாக்கள், ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக் கல்யாண வீடியோ என்று வரிசையாகப் போயின. குரல் கடைசியாக வந்த சரக்கு. அதனால் கடைசியாகப் போனது.

எண்ணினார். அப்போது ஆயிரத்து ஐந்நூறு வாக்கியம் முடிந்திருந்தது. பென் டிரைவில் பெயர்கள் ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தேழு. மறுபடி எண்ணினார், அதே எண்தான்.

"இருபத்தேழு கூடுதலா இருக்கே? ரெண்டு தடவை எதையாச்சும் பதிஞ்சிட்டியா?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "இருக்கட்டும்ங்க. அது இனாம். உங்களுக்கு."

இனாம் என்று ஒரு பத்தி அவர் நோட்டில் கிடையாது. 'கூடுதல் 27' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"ஒண்ணு ரெண்டு போட்டுக் கேட்டுப் பாத்தீங்களா?"

"எண்ணிக்கை சரியா இருக்கு. சீல் வெச்ச பெட்டியைப் பிரிச்சுப் பாக்குறது எங்க வழக்கம் இல்ல."

அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். ஒரு ரேக்கிலிருந்து இன்னொரு ரேக்குக்குச் சரக்கு போனால் பழைய ரேக் காலியாக இருக்க வேண்டும். ஒரே சரக்கு இரண்டு இடத்தில் நின்றால் எழுத்தில் பிசகு என்று அர்த்தம். இதைச் சொல்லியே எத்தனையோ பேருடைய வேலைக்கு உலை வைத்தவர் அவர். அதனால் கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் அழித்தார். அழித்தவை போய் விழும் குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். 'பழைய ரேக் காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பென் டிரைவை ஒரு உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே இன்னொரு கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

காலியான கம்ப்யூட்டரில் மைக்கம்மா மிச்சம் நூறு வாக்கியங்களை இரண்டு நாளில் முடித்தார். கடைசிப் பத்தில் குரல் பிசிறியது. அதன் பிறகு டாக்டர், ஆபரேஷன் வரைக்கும் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார். இனி வாசிக்க முடியாது. இருப்பது இருப்பதுதான்.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்னால் உறையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பயிற்சிப் பெண்ணின் அறைக்குப் போனார்கள். கடைசி நூறைப் பிறகு கொண்டுவரலாம், முதலில் இதை ஏற்றிவிடுகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். ஸ்டோர் கீப்பர் சீலைக் காட்டி, உடையவில்லை என்பதை அவள் பார்த்த பிறகுதான் கிழித்தார். அவள் சிரித்துக்கொண்டே செருகினாள். பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

முதலாவதைத் திறந்தாள். திறக்கவில்லை. பத்தாவதைத் திறந்தாள். ஐந்நூறாவதை. கடைசியை. பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை.

"சார், இதுல வேற ஏதாவது திறக்குதா பாக்கலாமா?"

வாஷிங் மெஷின் வாரண்டி திறந்தது. முத்திரையோடு, தேதியோடு, பளிச்சென்று திறந்தது. அந்த வாஷிங் மெஷினை எடைக்குப் போட்டே மூன்று வருஷம் ஆகிறது.

"இது டூப்ளிகேட் சார். இதுல உண்மையா இருக்குறது ரொம்பச் சின்ன இடம். அது நிறைஞ்சதும் பேரை மட்டும் எழுதிட்டு, சரக்கைத் தொலைச்சிடும். பரவாயில்ல, கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?"

ஸ்டோர் கீப்பர் கிழித்த உறையை எடுத்து இரண்டாக மடித்தார்.

"அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டீங்களா? ஏன் சார்?"

"ஒரே சரக்கு ரெண்டு இடத்துல இருக்கக் கூடாது" என்றார். கிடங்கில் கம்பீரமாகச் சொல்லும் வாக்கியம். இந்த அறையில் அது பைத்தியக்காரன் பேச்சாக ஒலித்தது. அவர் காதிலேயே அப்படித்தான் விழுந்தது.

"என்னங்க" என்றார் மைக்கம்மா.

பிசிறிய குரலில் அந்த ஒரு வார்த்தை. அடுத்து வரப்போவதற்காக ஸ்டோர் கீப்பர் தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு திட்டினாலும் தகும் என்று காத்திருந்தார். ஆனால் அடுத்து ஒன்றும் வரவில்லை. முப்பது வருஷத்தில் அவ்வளவு கோபமாக மனைவி கூப்பிட்டுக் கேட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"கையில நூறுதான் இருக்கு. நூறை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் பயிற்சிப் பெண். "வீட்டுக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க. தொடவே தொடாதீங்க. தெரிஞ்சவங்ககிட்ட அப்படியே தூக்கிட்டுப் போங்க."

அவருக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். மதியம் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். வண்டி குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் யாரோ ஒரு புதுப் பெண் மேடை எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

கடைக்காரம்மாள் முழுக் கதையையும் கேட்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"அன்னிக்கே குரல்னு சொல்லியிருந்தா உங்களை வெளியவே விட்டிருக்க மாட்டேன். கொஞ்சம் ஃபைலாம்!"

"தப்புதாங்க. கிடைக்குமா?"

"அழிச்சா உடனே அழிஞ்சிடாது. வாசல்ல இருக்குற பேர்ப்பலகையைத்தான் கழட்டியிருக்கீங்க. வீடு அங்கயேதான் இருக்கும், வேற யாரும் குடி வராத வரைக்கும். அதுக்கப்புறம் ஏதாவது பதிஞ்சீங்களா?"

"நூறு வாக்கியம்."

"அது எத்தனை வீட்டை இடிச்சுதோ. டிஸ்க்கும் கரகரங்குது. ரெண்டு தடவை, மூணு தடவைதான் படிக்க விடும். வெச்சுட்டுப் போங்க. உங்க வீட்டம்மா பேரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்."

நான்கு நாளும் அவர் கிடங்குக்குப் போகவில்லை. வீட்டில் மைக்கம்மா தொண்டைக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டு, ஜாடையில் பேசினார். ஜாடையிலாவது திட்டுவார் என்று ஸ்டோர் கீப்பர் எதிர்பார்த்தார், திட்டவில்லை. அது இன்னும் சுட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாக ஏதோ ஒரு வாக்கியம் தனக்கென்று வரும், அதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். தள்ளுவண்டியில் படுத்தபடி மைக்கம்மா நர்ஸைப் பார்த்து, "அந்த ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ணும்மா, குளிருது" என்றார். அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது. குரல் முழுவதும் ஒரு ஃபேனுக்குச் செலவாகிவிட்டது. ஸ்டோர் கீப்பர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் மதியம் கடைக்காரம்மாள் போன் பண்ணினார்.

"ஆயிரத்து இருநூத்து எண்பத்து நாலு வந்திருக்கு. உங்க நூறு தனியாப் பத்திரமா இருக்கு. அதுக்கு மேல டிஸ்க் ஒத்துழைக்கல, போயிடுச்சு."

ஆயிரத்துக்கு மேல்! ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார், மறுபடி வைத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு. எதுலயும் பேர் கிடையாது. எது எந்த வாக்கியம்னு யாராவது ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டு எழுதணும். அது நீங்கதான்."

கடைக்குப் போனதும் அவர் தானாகவே சுற்றுகிற டிஸ்க் இரண்டு கேட்டார், வேறு வேறு கம்பெனியில். கடைக்காரம்மாள் இரண்டிலும் ஏற்றி, இரண்டிலும் அங்கங்கே நான்கைந்தைத் திறந்து ஓடவிட்டுக் காட்டினார். "எழுதினா போதாது. திரும்பத் திறக்குதான்னு பாக்கணும்." இந்த டிஸ்க்குகளைப் போட்டுப் பார்க்க, விற்காமல் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பையும் மலிவு விலையில் கொடுத்தார். ஒரு டிஸ்க் மகளுக்குப் போயிற்று.

மைக்கம்மா வீட்டுக்கு வந்த மறுவாரம், காலை வெயில் விழும் சாப்பாட்டு மேஜையில் வேலை ஆரம்பித்தது. கழுத்தில் கட்டோடு மைக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்தார், கையில் ஒரு எழுதுபலகை. எதிரே வாக்கியப் பட்டியல். ஸ்டோர் கீப்பர் முதல் ஃபைலின் மேல் அம்பை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். மைக்கம்மா அவர் விரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கினார்.

'நீல யானை நிதானமாக நீந்தியது.'

முழுக் குரல். பிசிறில்லாத பழைய குரல். அவருக்குக் கண் கலங்கியது, மைக்கம்மாவுக்கு வந்ததோ சிரிப்பு. சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. ஸ்டோர் கீப்பர் பட்டியலில் டிக் அடித்தார். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது. மூன்றாம் நாளிலிருந்து பயம் விட்டுப்போனது. கேட்கக் கேட்க ஒரு பசி மாதிரி வந்துவிட்டது.

ஆறாம் நாள் பட்டியலில் இல்லாத ஒன்று வந்தது.

'என்னங்க.'

அவ்வளவுதான். அடுத்ததும் அதுவே, ஆனால் வேறு மாதிரி. அதற்கடுத்ததும். கூடுதல் இருபத்தேழும் இதுதான். மைக்கம்மா தன் கணவரைக் கூப்பிடும் விதங்களை ஒவ்வொன்றாக அலமாரிக்குள் உட்கார்ந்து பதிந்து வைத்திருக்கிறார். இருபத்தேழில் பத்தொன்பது பிழைத்து வந்திருந்தன.

ஸ்டோர் கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குத் தெரிந்த சரக்கு. முப்பது வருஷப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு போல்ட்டின் அளவு சொல்கிற ஆளுக்கு இதுவா கஷ்டம்? நோட்டில் புதுப் பக்கம் எடுத்து எழுத ஆரம்பித்தார். 'என்னங்க: டீ ரெடி.' 'என்னங்க: ஈரத் துண்டு கட்டில்மேல.' 'என்னங்க: தூங்கிட்டீங்களா.' 'என்னங்க: விருந்தாளி முன்னால், உள்ளே வாங்க ஒரு விஷயம்.' மைக்கம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஒன்றுகூடப் பிசகவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினாறாவதைப் போட்டார். அழுத்தமாக, கடைசி எழுத்தைச் சட்டென்று வெட்டி, 'என்னங்க.'

யோசிக்கவே இல்லை. 'கோபம்' என்று எழுதினார்.

மைக்கம்மா பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினார். அந்த வார்த்தையை அடித்தார். பக்கத்தில் எழுதினார்: 'பயம்.'

"பயமா? இது கோபம்தான். எனக்குத் தெரியாதா? ஸ்டாக் எடுக்குற நாள்ல நேரம் கழிச்சு வந்தா வாசல்லயே இப்படித்தான கூப்பிடுவ? நானும் பேசாம உள்ள போயிடுவேன், கோபம் தணியட்டும்னு."

மைக்கம்மா எழுதுபலகையை எடுத்தார். எழுதித் திருப்பிக் காட்டினார்.

'அதேதான். வழியில உங்களுக்கு என்ன ஆச்சோன்னு உயிரைக் கையில பிடிச்சுட்டு நிப்பேன். நீங்க பேசாம உள்ள போயிடுவீங்க.'

ஸ்டோர் கீப்பர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். முப்பது வருஷமாக எத்தனை தடவை இந்தக் குரல் அவரைக் கூப்பிட்டிருக்கிறது, அத்தனையையும் அவர் தப்பான பத்தியில் எழுதி மூடி வைத்திருக்கிறார். ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்திருக்கலாம்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு ரூம்ல கூப்பிட்டியே, அதுவும்..."

மைக்கம்மா தலையாட்டினார்.

நோட்டில் திருத்தம் செய்தால் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கிடங்கு விதி. 'பயம்' என்ற வார்த்தையின் பக்கத்தில் அவர் போட்டார். பிறகு பதினாறாவதை மறுபடி ஓடவிட்டார்.

'என்னங்க.'

ஸ்டோர் கீப்பர் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. பக்கத்தில் திரும்பி, மைக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்று சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னார்.

"வந்துட்டேன்மா. ஒண்ணும் ஆகல. வந்துட்டேன்."